தண்ணீர் பிடிக்கும் சந்தி

விடிய ஐந்து மணிக்குக் கட்டிய சோறு பிற்பகல் இரண்டு மணியாகியும் ஆறவில்லை.

சிறீஸ்கந்தராசா பையை மடியில் வைத்திருந்தார். பைக்குள் பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. இரண்டு லீற்றர்ப் பெட்டி, மெல்லிய பிளாஸ்டிக். சூட்டைப் பிடித்து வைத்திருக்கிற சாமான் அல்ல அது. ஆனாலும் காற்சட்டைத் துணியைத் தாண்டித் தொடையில் சுட்டது. இருக்கைக்கு அடியில் சூட்டுக் குழாய் ஏதும் ஓடுகிறதோ என்று குனிந்து தடவிப் பார்த்தார். வெறும் இரும்பு. விரல் விறைக்கிற குளிர். அவர் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி சிவநாயகிக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் கோச்சியை விட்டு இறங்கிவிடுவாள்.

ஸ்ரேசனில் தண்டவாளத்தில் நின்ற கோச்சி இன்னும் வெளிக்கிடவில்லை. நூறு வருடப் பழசாம். உக்கிப்போன பலகையைக் கழற்றிப் புதுப்பலகை அடித்து, வார்னிஷ் பூசி, பித்தளைப் பிடிகளைத் தேய்த்து மினுக்கி, பென்சன் எடுத்த வெள்ளைக்காரக் கிழவர்கள் சம்பளம் இல்லாமல் ஓட்டுகிற நீராவிக் கோச்சி. சம்பளம் இல்லாமல் ஒருவன் வேலை செய்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்பது சிறீஸ்கந்தராசாவின் எண்ணம். ஒஸ்லோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம் வந்து, காசு கொடுத்து, கரிப்புகை குடிக்க இத்தனை சனம். இது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசி ஓட்டமாம். ஒக்டோபர் முதலாம் திகதி. இதற்குப் பிறகு அடுத்த கோடைக்குத்தான்.

முன் இருக்கையில் மகள் ஆரணி இருந்தாள். முப்பத்தொரு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. கார் ஓட்டி வந்தவள் அவள்தான்.

"அப்பா, உந்தப் பையை மேலை வைக்கலாமெல்லே? ஆர் இஞ்சை உங்கடை பையைக் களவெடுக்கப் போகினம்?"

"களவெடுக்கிறவன் சொல்லிப்போட்டோ எடுக்கிறவன்?"

"அம்மா, பாருங்கோ இவரை. ஒருத்தரும் எடுக்காட்டில் அதுவும் இவருக்குக் கவலை."

சிவநாயகி சிரிக்கவில்லை. ஆரணி மூக்கை உறிஞ்சினாள்.

"மீன் பொரியல் மணக்குது. சாப்பாடே கொண்டு வந்தனீங்கள்? எனக்குப் பசிக்குது."

கையை நீட்டினாள்.

"தொடாதை!"

கோச்சிப் பெட்டியில் இருந்த வெள்ளைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிறீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்தினார். "உது பழுதாப் போச்சு. எறியக் கொண்டு வந்தது."

"எறியவோ? உங்கடை ஹவுகன்ஸ்டுவாவிலை குப்பைத்தொட்டி இல்லையே? இரண்டு மணித்தியாலம் காரிலை கொண்டு வந்து எறியோணுமோ?" ஆரணி சிரித்தாள். சிரிக்கும்போது கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. சிவநாயகி அவசரமாகத் தன் கைப்பையைத் திறந்து ஒரு பணிஸ் எடுத்துக் கொடுத்தாள். ஆரணி அதைத் தின்றாள். இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று. சப்பாமல் விழுங்கினாள். தாயும் தகப்பனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய தம்பி குலேந்திரன் நொர்வேயின் வட முனையில், ஹம்மர்பெஸ்ட்டில் செத்துப்போனான். போன ஞாயிற்றுக்கிழமை லூக்காஸ் ரெலிபோன் எடுத்துச் சொன்னான். லூக்காஸ் மன்னார்ப் பெடியன். முந்தி அங்கே மீன் பக்டரியில் மூன்று பேரும் ஒன்றாக நின்றவர்கள்; மீன்பெட்டி தூக்கித் தூக்கிக் குலேந்திரனுக்கு ஒரு தோள் சரிந்துபோனது. குலேந்திரன் செத்து எத்தனை நாள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பொலிஸ் கதவைத் திறந்தபோது குசினியில் கதிரையில் இருந்தபடி இருந்தானாம். அலுமாரியில் உப்பைத் தவிர ஒரு சாமான் இல்லை. "அண்ணை, ஆள் பட்டினி கிடந்துதான் போயிருக்கிறான் போலை," என்றான் லூக்காஸ்.

அதற்கு முந்திய கிழமை தம்பி மூன்று தரம் ரெலிபோன் எடுத்திருந்தான். சிறீஸ்கந்தராசா இலக்கத்தைப் பார்த்தார்; எடுக்கவில்லை. குடித்துவிட்டு அலட்டுவான் என்று நினைத்தார். இதை அவர் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

செய்தி வந்த பின்னேரமே ஆரணி தான் இருக்கிற பியோர்ண்டாலில் இருந்து தாய் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் ஒரு சட்டிச் சோறு சாப்பிட்டாள். பிறகு பாண். பிறகு குளிர்ப்பெட்டியில் இருந்த மாவை அப்படியே அள்ளி. அடுத்த நாளும் அதே. கிழமைக்குள் அவள் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தின்னத் தின்ன மெலிந்தாள். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார். சிறீஸ்கந்தராசா டொக்டர்மாரை ஒருநாளும் நம்பினதில்லை. இந்தத் தரம் நம்பினார். இது டொக்டர் பார்க்கிற சாமான் இல்லை. பசியோடு போனவன் பிள்ளையின் வயிற்றில் வந்து இருக்கிறான். அவனை எழுப்பி அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை மிஞ்சமாட்டாள்.

அதற்குத்தான் எட்டுச்செலவு; செத்த நாள் தெரியாததால் செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி இன்றைக்கு எட்டு. செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் எட்டாம் நாள் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வரவேண்டும். வைத்தவன் வேறு வழியால் வீடு சேரவேண்டும். அந்தச் சந்தியை அன்று திரும்ப மிதிக்கக்கூடாது. மிதித்தால் சாப்பிட்டவன் கூடவே வீட்டுக்கு வருவான்.

அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய ஹவுகன்ஸ்டுவாவில் சந்திக்கு எங்கே போவது? போன வருடம் ஒரு தமிழ்க் குடும்பம் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் சோறு வைத்தது. யாரோ படம் பிடித்து, எலி வருகிறது என்று மாடிப்படி எல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். சிறீஸ்கந்தராசா யோசித்தார். ஆரணி ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி வைத்த கோச்சி ரிக்கற் மேசையில் கிடந்தது. அதோடு ஒரு வரைபடம். காட்டுக்கு நடுவே ஓரிடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்தது. அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கால் மணித்தியாலம் நிற்பார்களாம். பிரிந்த கோடு பாவனையில் இல்லை. வீடு இல்லை. ஆள் இல்லை.

"கோச்சிச் சந்தியிலை ஆரும் வைச்சுக் கேள்விப்படேல்லை," என்றாள் சிவநாயகி.

"வழி பிரிஞ்சால் சந்திதான். நீர் சமையும்."

கோச்சி கூவியது. பெட்டி ஒருதரம் பின்னுக்கு இழுபட்டு, பிறகு முன்னுக்குத் தள்ளி, மரம் முழுக்க நெரிபட்ட மாதிரி முனகிக்கொண்டு நகர்ந்தது. கொஞ்ச நேரம் வயல், சிவப்புக் களஞ்சியம், பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருண்டைகள். பிறகு காடு வந்து இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது, ஊசியிலை மரங்கள் ஒன்றோடொன்று தோள் முட்டி நின்றன, அவற்றின் அடிப்பக்கத்தில் பகலிலும் வெளிச்சம் இல்லை, புகை மேலே போக வழியில்லாமல் மரங்களுக்குள் புகுந்து கிளை கிளையாகத் தொங்கியது, சக்கரம் தண்டவாளப் பொருத்துகளில் விழுந்து விழுந்து எழும்புகிற சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு கோச்சி பக்கத்தில் கூடவே ஓடுகிற மாதிரிக் கேட்டது. கறுத்த குளம் ஒன்று வந்தது. அதில் வானம் தெரிந்தது. கோச்சியின் நிழல் தெரியவில்லை. கரிமணத்துக்குள் மீன் மணம். பெட்டி இன்னும் சுட்டது. அவர் அதை ஒரு தொடையிலிருந்து மற்றத் தொடைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு நின்றது.

மரத்தால் செய்த தண்ணீர்த் தாங்கி ஒன்று, சிவப்புப் பலகைக் கொட்டில் ஒன்று, சல்லி பரப்பிய மேடை. அவ்வளவுதான். சனம் எஞ்சினைப் படம் பிடிக்க இறங்கியது.

"நான் ஒண்டுக்குப் போட்டு வாறன்," என்றார்.

"பெட்டிக்குள்ளையே ரொய்லெற் இருக்கப்பா."

"இவ்வளவு பெரிய காடு இருக்கேக்கை ரொய்லெற் என்னத்துக்கு?"

"பையோடையோ போறீங்கள்?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். சிவநாயகி அவருடைய கையைத் தொட்டு மெல்லச் சொன்னாள். "வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வாங்கோ. ஆர் கூப்பிட்டாலும்."

கொட்டிலுக்குப் பின்னால் பழைய தண்டவாளம் பிரிந்து காட்டுக்குள் போனது. கட்டைகள் உக்கி, நடுவில் பேர்ச் மரங்கள் முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றன. பாசி கால் புதைகிற அளவுக்கு. அவர் குந்தி இருந்து, தமிழ்க் கடையில் வாங்கின வாழையிலைத் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்தார். ஆவி எழும்பியது. சோறு, பொரித்த மீன், மீன் குழம்பு, அவித்த முட்டை, பக்கத்தில் சின்னப் போத்தலில் சாராயம். இலையில் கொட்டும்போது கை சுட்டது.

"குலேந்திரன், சாப்பிட்டிட்டுப் போ," என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பிள்ளையை விடு."

எழும்பித் திரும்பினார். நடந்தார்.

ஏழு அடி வைத்திருப்பார். பின்னால் சத்தம் கேட்டது. சோற்றைக் கையால் குழைக்கிற சத்தம். ஈரச் சத்தம். பிறகு மீன் முள்ளை உறிஞ்சி விரலைச் சூப்புகிற சத்தம். நரியாக இருக்கும் என்று நினைத்தார். நரி விரலைச் சூப்பாது.

பிறகு இடது பக்கத்திலும் கேட்டது. மரங்களுக்குள் இருந்து. அதே குழைக்கிற சத்தம், அதே உறிஞ்சல். வலது பக்கத்திலும். தூரத்திலும். அவர் வைத்தது ஒரு இலை. ஒரு ஆள் சாப்பாடு. சாப்பிடுகிற வாய் ஒன்றல்ல.

அவர் பார்க்கவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தார். கோச்சியில் ஏறினார். சிவநாயகி கண்ணால் கேட்டாள். வைத்தாயிற்று என்று தலையை ஆட்டினார். கேட்ட சத்தத்தைச் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கடைசி ஸ்ரேசன் வந்தது. குளத்தங்கரையில் ஒரு மஞ்சள் பலகை வீடு. உள்ளே கிழவிகள் வாபிள் சுட்டு விற்றார்கள். வெண்ணெய் மணத்தது. சிறீஸ்கந்தராசா சொல்லாமலே ஒரு வாபிள் வாங்கி, ஜாம் பூசி, ஆரணிக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டு அவள் கையைப் பார்த்தார்.

ஆரணி வாபிள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம் அப்பா. வயிறு நிறைஞ்சு கிடக்கு."

"வடிவாப் பார். வேண்டாமே?"

"ஓம். என்னண்டு தெரியேல்லை. இந்தக் கிழமை இண்டைக்குத்தான் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு." அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். "கூஸ்லியா, இதமா இருக்கு இஞ்சை. நல்ல காலம், நாங்கள் வந்தது."

சிவநாயகி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிறீஸ்கந்தராசா கோப்பியைக் குடித்துவிட்டு, "தண்ணி மாதிரிக் கிடக்கு," என்றார். எழும்பி யன்னலடிக்குப் போனார்.

வெளியே எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கரி பூசின கிழவன் ஒருவன் கொக்கியைத் தூக்கி எறிந்தான். எஞ்சின் தனியாக முன்னுக்குப் போய், பக்கத்துக் கோட்டால் திரும்பி வந்து, மற்ற முனையில் போய் முட்டியது. வந்த பக்கத்தைப் பார்த்தபடி.

அவர் ஆரணியிடம் திரும்பினார்.

"பிள்ளை, உவங்கள் ஏன் எஞ்சினை அங்காலை கொண்டுபோய்க் கொழுவுறாங்கள்?"

"திரும்பிப் போக."

"வட்டமா எல்லே சுத்தி வரும்?"

"எந்த வட்டம்? லைன் இஞ்சையோடை முடியுது அப்பா. வந்த வழியாலைதான் போகவேணும். அதே லைன், அதே ஸ்ரொப்."

வரைபடத்தில் கோடு வளைந்து வளைந்து போனது. அது சுற்றிக்கொண்டு கார் விட்ட இடத்துக்கு வரும் என்று அவர் தன்பாட்டில் நினைத்திருந்தார். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏமாற்றுவார்கள் என்பது அவருடைய பழக்கம்.

சிவநாயகி சால்வையை எடுத்தாள். அவள் முகம் சாம்பல் பூத்துப்போய் இருந்தது.

"டாக்சி பிடிப்பம்," என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை. காடு. டாக்சியோ? அப்பா, ஸ்லாப் ஆவ், பதறாதேங்கோ."

"எனக்கு நெஞ்சு நோகுது."

ஆரணி அவர் மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து, எண்ணினாள். "நெஞ்சுக்கு ஒண்டுமில்லை. உங்களுக்கு விசர்தான்."

அவள் கழிப்பறைக்குப் போன நேரம் சிவநாயகி அவர் காதுக்குள் சொன்னாள். "பிள்ளைக்குச் சொல்லுவம்."

"சொன்னால் சிரிப்பாள். சிரிச்சுப்போட்டு, எந்த இடம் எண்டு இறங்கிப் பார்ப்பாள். உமக்கு அவளைத் தெரியாதே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"கண்ணை மூடிக்கொண்டு இருப்பம். இறங்காட்டில் மிதிச்ச கணக்கில்லை."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதோ என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

ஐந்தே காலுக்கு வெளிக்கிட்டது. சனம் பாதியாகக் குறைந்திருந்தது. கடைசி ஸ்ரேசனிலேயே கார் விட்டிருந்தவர்கள் அதில் போய்விட்டார்கள். மழை தூறியது. எங்கே இருப்பது என்று சிறீஸ்கந்தராசா பெட்டிக்குள் நின்று யோசித்தார். போகிற பக்கம் பார்த்து இருந்தால் சந்தி கண்முன்னால் வரும். எதிர்ப்பக்கம் இருந்தால், கடந்தபிறகு அதைத் திரும்பிப் பார்த்தபடியே போகவேண்டும். இருக்கத் தோதான பக்கம் ஒன்று இல்லை. கடைசியில் போகிற பக்கம் பார்த்து இருந்தார். யன்னல் சீலையை இழுத்து மூடினார். சிவநாயகியை மற்ற ஓரத்தில் இருத்தினார். ஆரணியை நடுவில்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"இரு."

விளக்கு எரிந்தது, மஞ்சளாக, நூலளவு வெளிச்சம். ஈரக் கம்பளி மணம், கரி மணம், வார்னிஷ் மணம், யாரோ தோலுரித்த தோடம்பழ மணம் எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் தேங்கிக் கிடந்தன, சீலை ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை விட்டு விலகித் திரும்ப ஒட்டியது, விலகும்போதெல்லாம் கறுத்த மரம், ஒட்டும்போது தன் முழங்கால். அவர் ஆரணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்லாயிருந்தாள். அரை மணித்தியாலம் நல்லாயிருந்தாள்.

பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, மீன் பொரியல் மணக்குது."

"இல்லை பிள்ளை. அது கரி."

"கரி இல்லை. மீன். குழம்பும்." வாயில் எச்சில் ஊறி அவள் விழுங்கினாள். வயிற்றைக் கையால் அமத்தினாள். "பசிக்குது."

சிவநாயகி கைப்பையைத் திறந்தாள். பணிஸ் இல்லை. இனிப்பு ஒன்று இருந்தது. ஆரணி அதைக் கடுதாசியோடு வாயில் போட்டாள்.

கோச்சி மெதுவாகியது. சக்கரச் சத்தம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. இரும்பு உரசியது. நின்றது.

"பின்பெட்டி வாசல்லை நிண்டு காத்து வாங்கிட்டு வாறன். இதுக்குள்ளை மூச்சு முட்டுது."

"இருந்த இடத்திலை இரு!"

அவள் எழும்பினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு. எலும்பைச் சுற்றிக் கொதிக்கிற தோல்.

"கையை விடுங்கோ அப்பா. நோகுது."

"போகாதை பிள்ளை. நான் சொல்லுறன். போகாதை."

"விடுங்கோ!"

ரிக்கற் பார்க்கிற வெள்ளைக்காரன் வந்தான். பித்தளைப் பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை. அவன் சிறீஸ்கந்தராசாவின் கையைப் பார்த்தான். அந்தக் கைக்குள் இருந்த மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு ஆரணியைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான்.

அந்தப் பார்வையைச் சிறீஸ்கந்தராசாவுக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த பத்தொன்பது வருடமாகத் தெரியும். கறுத்த கிழவன் ஒருவன் ஒரு பெட்டையை இழுத்து வைத்திருக்கிறான். ரெலிபோன் எடுப்பான். ஆள் வரும். பேப்பரில் எழுதுவார்கள்.

விரல்கள் தாமாக விட்டன.

ஆரணி வெள்ளைக்காரனுக்குச் சிரித்து ஏதோ சொன்னாள். போனாள். கதவு திறந்தது. குளிர் வந்தது. கதவு மூடியது.

"கண்ணை மூடுங்கோ," என்றாள் சிவநாயகி. அவள் ஏற்கெனவே மூடியிருந்தாள்.

மூடினார்.

தண்ணீர் விழுகிற சத்தம். இரும்புக்குள் தண்ணீர், முதலில் ஆழத்தில், பிறகு மேலே, மேலே. சங்கிலி கிலுங்கியது. யாரோ நொர்வேஜியனில் கத்தினான். இன்னொருவன் சிரித்தான். தண்ணீர் நின்றது.

அமைதி.

சல்லியில் காலடி. ஒரு ஆள். மெதுவாக. கோச்சியை விட்டுத் தூரப் போகிற காலடி.

"நாயகி. ஆரோ இறங்கினது."

"பாராதேங்கோ."

"பிள்ளையோ?"

"பின்பெட்டியிலை நிக்கிறன் எண்டவள். நிப்பாள். பாராதேங்கோ."

விசில் ஊதியது. கோச்சி கூவியது. பெட்டி இழுபட்டது. நகர்ந்தது.

நகருது. போகுது. சந்தி பின்னுக்குப் போகுது. அவர் எண்ணினார். ஒரு பொருத்து. இரண்டு. மூன்று.

"அப்பா."

பின்னாலிருந்து. வெளியிலிருந்து. கத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

சிவநாயகியின் நகம் அவர் கையில் இறங்கியது. "அவள் இல்லை. அவன்தான் கூப்பிடுறான். அவள் பின்பெட்டியிலை நிக்கிறாள். என்னை நம்புங்கோ. இந்த ஒரு தரம் எண்டாலும் என்னை நம்புங்கோ."

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள். பொய் சொல்லாதவள். அவர் அவளை நம்பப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

அவளுக்கு என்ன தெரியும்? அவளும் கண்ணை மூடிக்கொண்டுதானே இருக்கிறாள்.

"அப்பா."

கையை உதறினார். எழும்பினார். சீலையை இழுத்தார். யன்னலின் தோல்வாரை அவிழ்த்துக் கண்ணாடியைக் கீழே விட்டார். மழை. புகை. தலையை வெளியே போட்டார்.

திரும்பிப் பார்த்தார்.

மங்கல் வெளிச்சம். தண்ணீர்த் தாங்கி. கொட்டில். இரண்டு தண்டவாளமும் மினுங்கிக்கொண்டு பின்னுக்கு ஓடின.

இந்தப் பக்கம் ஒரு வரிசை. அந்தப் பக்கம் ஒரு வரிசை.

பந்தி.

சப்பாணி கட்டி இருந்தார்கள். கொட்டிலடியிலிருந்து, பழைய கோடு பிரிகிற இடம் தாண்டி, மரம் மூடுகிற வளைவு வரைக்கும். தோளோடு தோள். நனைந்த முதுகுகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு இலை. இலைகள் வெறுமை. தலைகள் குனிந்திருந்தன. கைகள் இலைக்குப் பக்கத்தில், மல்லாந்து, காத்துக்கொண்டு.

நடுவில், கட்டைக்குக் கட்டை கால் வைத்து, ஆரணி நடந்துகொண்டிருந்தாள். அவசரம் இல்லை. கலியாண வீட்டில் இருக்க இடம் தேடுகிறவள் மாதிரி, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து.

அவர் யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

அவள் திரும்பினாள். அவரைக் கண்டாள். கையை ஆட்டினாள்.

"நீங்கள் போங்கோ அப்பா. நான் சாப்பிட்டிட்டு வாறன்."

வரிசையின் நடுவில் குலேந்திரனின் சரிந்த தோள். அவன் நிமிரவில்லை. ஒரு கையால் தன் இலையை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இருந்து, அவளுக்கு இடம் விட்டான்.